கணக்கு எண் அறுபத்தொன்று

படிவத்தின் முதல் கேள்வி: கட்டப்பட்ட ஆண்டு.
1908 என்று எழுதுகிறேன்.
அடுத்தது: தற்போதைய பயன்பாடு.
பதினைந்தாம் பிறந்தநாள் பெண்களுக்கான கவுன்கள்
என்று எழுத கட்டம் போதவில்லை.
சில்லறை வணிகம்.

மில்வாக்கியின் தெற்குப் பக்கம்.
மோர் நிறச் செங்கல்லுக்குப் பேர்போன ஊர்;
இந்தச் சுவர் மட்டும் நூறு வருஷக் கரிப்புகை குடித்து
அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி நிற்கிறது.

யூலாலியா பாரியென்டோஸ்
வாய் நிறையக் குண்டூசியோடு
ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி வருகிறாள்.
"கூரையை மட்டும் பாக்காதீங்க, மிஸ்டர் காங்"
ஊசிகளின் இடுக்கு வழியாக வருகிறது சொல்.
கூரையைத்தான் முதலில் பார்க்கிறேன்.
பூவேலை செய்த தகரம். மூன்று இடத்தில் ஒழுகல்.
மூன்றுக்கும் ஒரே வாளி,
காலால் தள்ளித் தள்ளி.

பின்னறை உத்தரத்தில்
பதினான்கு கொக்கிகள்.
அரைப் பன்றியைத் தாங்கியவை
இப்போது பிளாஸ்டிக் உறை போட்ட பாவாடைகளைத்
தாங்கிக்கொண்டு சும்மா இருக்கின்றன.

கொக்கி அடித்தவர் வாலென்டி கோஷெலா.
போலந்திலிருந்து வந்த கசாப்புக்காரர்.
தோல் ஆலையில் சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள்
கறி வாங்கினார்கள்,
மீதியை அவரிடமே விட்டுப் போனார்கள்.
வங்கிக்குள் போனால் தொப்பியைக் கழற்ற வேண்டும்.
இங்கே வேண்டாம்.
(இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.
என் அப்பாவும் இந்த ஊர் வங்கியில்
தொப்பியைக் கையில் பிடித்து நின்றவர்தான்.)

ப்ரோனிஸ்லாவா கணக்கைச் சுவரில் எழுதினாள், பென்சிலால்.
நோட்டை எலி தின்னும், நெருப்பு தின்னும்,
சுவரை எது தின்னும் என்பது அவள் கட்சி.

பிறகு 1933.
ஊர்ப் பணத்தை அவர் போட்டுவைத்திருந்த
பளிங்குத் தூண் வங்கி
ஒரு செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தியது.
மறுநாள் விடியுமுன் கடை வாசலில் கூட்டம்.
யாரும் கத்தவில்லை என்கிறார்கள்.
நான் நம்பவில்லை.
வாலென்டி வெட்டுக்கட்டை மேல் ஏறி நின்று சொன்னாராம்:
பணம் இல்லை. பன்றி இருக்கிறது.

பதினோரு வருஷம்.
சாசேஜாக, கொழுப்பாக, எலும்பாக,
ஈஸ்டருக்கு ஒரு தொடையாக
கடனை அறுத்து அறுத்துக் கொடுத்தார்.
ஈரல் பிடிக்காதவர்களும் ஈரல் வாங்கினார்கள்.
அதிகம் இழந்தவன் ஒருவன்
தெருவில் அவரைக் கண்டால் காறித் துப்புவான்;
அவன் பையன் மட்டும்
பின்வாசலில் பாத்திரத்தோடு வருவான்.
ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சுவரில் ஒரு கழித்தல்.

அப்புறம் டிவி ரிப்பேர்க்காரர் வந்தார்,
சுவர்மேல் ஒட்டுப்பலகை அடித்தார், போனார்.
வருமானவரி எழுதித் தருபவர். ஒரு மெழுகுவர்த்திக் கடை.
ஒன்பது வருஷம் புறாக்கள்,
வாடகை தராமல்.

போன ஜனவரியில் குழாய் வெடித்தது.
பலகை ஊறி, உப்பி, விழுந்தது.
அறுபத்துமூன்று பெயர்கள்.
அறுபத்திரண்டின் மேல் கோடு.
அறுபத்தொன்றாம் எண், காஸ்பர் வோய்டா,
இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
கோடு இல்லை.

செத்தானா, சிகாகோவுக்கு ஓடினானா,
வீம்பு பிடித்தவனா.

அந்தப் பெயருக்குக் கீழே குண்டூசியில் ஒரு கவர்.
உள்ளே இரண்டு நோட்டு,
நாணயங்கள் துருத்திக்கொண்டு.
"வட்டி?" என்கிறேன்.
யூலாலியா முதல்முறையாக
வாயிலிருந்து ஊசிகளை எடுக்கிறாள்.
"கட்டடத்த வாங்கினப்போ
சுவரை விட்டுட்டா வாங்கினேன்?
வட்டி கேட்டு வந்தா
பேத்திக்கு ஒரு கவுன் தச்சுத் தர்றேன்."

கூரை: முப்பது நாளில் பழுதுபார்க்கவும்.
கொக்கிகள்: உறுதி.
பின்சுவர்:
பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது.
பின்சுவர்: ஈரம். பலகை அடிக்க வேண்டாம்.

வெளியே தூற ஆரம்பிக்கிறது.
ஊசி குத்திய விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
அந்தப் பெண்
வாளியைத் தாண்டுகிறாள்.